ஆரஞ்சு முத்திரை

7

கடையின் இரும்புக் கதவு பாதி இறங்கியிருந்தது. அதன் நெற்றியில் மின்சாமான் கடை வளாகக் கமிட்டி ஒட்டிய குத்தகை விசாரணை நோட்டீஸ். பசை இன்னும் காயவில்லை.

மேங் சுக்ஜா குனிந்து உள்ளே நுழைந்தாள். தீ விபத்து இன்ஷூரன்ஸில் பொய் சொன்னவர்களைப் பிடித்துப் பிடித்து அலுத்து, இப்போது சொந்தமாகத் துப்பறிபவள். பின்னால் வந்த உதவியாளன் பில்து குனிய மறந்து, மண்டையில் வாங்கிக்கொண்டான்.

"இந்த வளாகத்துல கதவு கூட நம்ம மேல கோவமா இருக்குக்கா."

"இன்னும் ரெண்டு தடவை மோது. சமாதானமாகிடும்."

உள்ளே யோரி நின்றிருந்தாள். கைகளைக் கட்டிக்கொண்டு, வந்தவர்களை வாருங்கள் என்று சொல்லாமல். மேசை மேல் பாதி பிரித்த ரேடியோ ஒன்று அப்படியே கிடந்தது.

"நீங்கதானா என் கடையைக் காப்பாத்தப் போறவங்க? சிரிச்சுக்கிட்டே வர்றீங்க."

"நான் காப்பாத்த வந்தேன். சிரிக்கறதுக்கு இவனைத் தனியா வெச்சிருக்கேன்," என்றாள் மேங். "மதியம் கமிட்டி கூடுது. அதுக்குள்ள எனக்கு விஷயம் புரியணும். ஆரம்பத்துல இருந்து சொல்லு."

யோரி சொன்னாள். குரலில் அழுகை இல்லை, அலுப்புதான் இருந்தது.

சியோல் நகரில் மின்சாமான் பொழுதுபோக்குக்காரர்கள் ஆண்டுக்கு ஒரு முறை தங்கள் கைவேலைகளைக் கொண்டுவந்து வைக்கும் கண்காட்சி, போன சனிக்கிழமை நடந்தது. வளாகத்தில் மின்வேலை வகுப்பு எடுக்கும் அவள் கணவன் கிஹுன் ஒரு மரப் பொம்மையை வைத்திருந்தான். முதியவர்களின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, வேளைக்கு மாத்திரையை உள்ளங்கையில் ஏந்தி நீட்டும் பொம்மை. நடுவர்கள் முன்னால் சுவிட்சைப் போட்டான். பொம்மை கூப்பிடவில்லை, கையும் நீட்டவில்லை. மூடியைத் திறந்தால் மூளையாக இருந்த சில்லில் ஒரு கருகிய ஓட்டை. பக்கத்தில் இருந்த ஸ்டெப்-டவுன் போர்டின் திருகு மேல், ஈர வாசனை போகாத ஆரஞ்சு நெயில் பாலிஷ்.

"ஆரஞ்சு உன்னோட நிறம்," என்றாள் மேங்.

"இந்த தேசோங் வளாகத்துல கடைக்கு ஒரு நிறம். வோல்டேஜை அளந்து வெச்சதும் திருகு மேல ஒரு பொட்டு வைப்போம். திருகு நகராது. யார் வெச்ச அளவுன்னும் தெரியும். நாளைக்கு ஏதாவது எரிஞ்சா, முத்திரையைப் பார்த்து ஆளைப் பிடிச்சுடலாம்."

"இப்போ உன்னைப் பிடிச்சுட்டாங்க."

"ஆமாம். வசந்தத்துல இருந்து நானும் அவரும் தனித்தனியாத்தான் இருக்கோம். விவாகரத்துக் கேட்டிருக்கேன். அந்தக் கோவத்துல, திருகைத் திருகி மிஷினை எரிச்சுட்டேனாம். என் நாத்தனார் மியோக் கண்ணால பார்த்தாளாம்." அவள் நோட்டீஸ் ஒட்டியிருந்த பக்கம் கையைக் காட்டினாள். "அடுத்தவங்க வேலையைக் கெடுத்தா குத்தகை போயிடும். அதுதான் இங்க சட்டம். போற குத்தகை முதல்ல புருஷனுக்குப் போகும். எனக்கு இருக்கறது இந்தக் கடை ஒண்ணுதான் மேடம். ராத்திரி படுக்கறது கூட அந்த அட்டைப்பெட்டிக்குப் பின்னால."

பில்து அட்டைப்பெட்டிப் பக்கம் பார்த்துவிட்டு, வாயில் வந்த நகைச்சுவையை விழுங்கினான். அவனுக்கு அது அபூர்வம்.

"அந்த ஸ்டெப்-டவுனைக் காட்டு. எனக்குப் புரியற மாதிரி சொல்லு," என்றாள் மேங்.

யோரி இழுப்பறையைத் திறந்து, இரண்டு விரல் அகலப் போர்டு ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். அதில் ஒரு நீலப் பெட்டி. பெட்டியின் தலையில் மிளகளவு பித்தளைத் திருகு.

"அடாப்டர்ல இருந்து பன்னிரண்டு வோல்ட் வரும். மூளைக்கு வேண்டியது அஞ்சு. நடுவுல இது உட்கார்ந்து குறைச்சுக் கொடுக்கும். எவ்வளவு குறைக்கணும்கறதை இந்தத் திருகு சொல்லும். கன்னாபின்னான்னு மேல ஏத்திட்டா பதினொண்ணு வரைக்கும் போகும். மூளை கருகிடும்."

"வந்ததுக்கு மேல ஏத்துமா?"

"ஏத்தாது. குறைக்க மட்டும்தான் தெரியும். என் நாத்தனார் மாதிரி. எவ்வளவு கொண்டுபோய்க் கொடுத்தாலும் குறைச்சுத்தான் பேசுவா."

பில்து வாய்விட்டுச் சிரித்தான். யோரி சிரிக்கவில்லை.

"அன்னைக்கு அவர் மேசைக்குப் போனியா?" என்று கேட்டாள் மேங்.

"போனேன்."

"எதுக்கு?"

யோரி போர்டை மறுபடி இழுப்பறைக்குள் வைத்தாள். "அந்தப் பொம்மையோட கை நான் செதுக்கினது. போன குளிர்காலத்துல, நாங்க ஒண்ணா இருந்தப்போ. அதுக்குள்ள இருக்கற போர்டும் நான் அளந்து வெச்சதுதான். நடுவர்கள் முன்னால அந்தக் கை நீளுதான்னு பார்க்கத் தோணிச்சு. தூர நின்னு பார்த்தேன். அவர் என்னைப் பார்த்ததும் கிளம்பிட்டேன். மூடியைத் தொடல. நம்பினா நம்புங்க. இல்லைன்னா கதவு தலையில இடிக்காம வெளியே போங்க."

நாத்தனார் மியோக்கின் கடை இரண்டு வரிசை தள்ளி. காயப்போட்ட மீன் போல அடாப்டர்கள் கூரையிலிருந்து கொத்துக் கொத்தாகத் தொங்கின. மியோக் கிம்பாப் சோற்றுச் சுருள்களை ஒவ்வொன்றாக வாய்க்குள் தள்ளிக்கொண்டிருந்தாள். பின்னால் ஸ்டூலில் அவள் தம்பி கிஹுன், வயர்களைச் சுற்றிச் சுற்றிக் கட்டுப் போட்டபடி. வந்தவர்களை அவன் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"அவ அனுப்பின ஆளுங்களா?" என்றாள் மியோக்.

"நடந்துதான் வந்தோம். யாரும் அனுப்பலை," என்றான் பில்து.

"உன்னைக் கேக்கல."

"என்னை யாருமே கேக்கறதில்லை அக்கா. நானாத்தான் சொல்லிக்கணும்."

மேங் அடாப்டர் ஒன்றை இழுத்துப் பார்த்தாள். "யோரி திருகினதை நீங்க பார்த்தீங்களாமே."

"இந்த ரெண்டு கண்ணால. என் தம்பி டீ குடிக்கப் போயிருந்தான். அந்த நேரம் பார்த்து வந்தா. மூடியைத் தூக்கினா. பையில இருந்து குட்டி ஸ்க்ரூடிரைவரை எடுத்தா. ஒரு திருகு. பாலிஷ் பாட்டிலைத் திறந்து பொட்டு வெச்சா. போயிட்டா. பொண்டாட்டியா அவ? நெருப்பு."

"பார்த்துக்கிட்டு நீங்க சும்மா நின்னீங்களா?"

"பொண்டாட்டி ஏதோ சரி பண்றான்னு நினைச்சேன். குடும்பமா இருந்தவதானே."

"கண்காட்சிக் கூடத்துல கரண்ட் எங்கிருந்து எடுத்தீங்க?"

"அங்க எவன் கரண்ட் கொடுத்தான்? தீப்பிடிச்சிடுமாம். வயரே இழுக்கக் கூடாதுன்னுட்டானுங்க. எல்லா மேசையிலயும் பேட்டரிதான். என் தம்பிக்கு நான்தான் இதைக் கொடுத்தேன்." அவள் தன் செல்போனோடு ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியிருந்த பழைய பவர் பேங்க்கைத் தட்டிக் காட்டினாள். "பழசுதான். அஞ்சு வோல்ட்தான் தரும். ஆனா அவ மாதிரி நடுவுல விட்டுட்டுப் போகாது."

"அக்கா, போதும்." கிஹுன் முதல் முறையாக வாயைத் திறந்தான். குரல் வெடுக்கென்று வந்தது. "இவங்களுக்கு நாம எதுக்கு வாக்குமூலம் கொடுக்கணும்? கமிட்டியில பேசிக்கலாம்."

"நீங்க வகுப்பு எடுக்கறவராமே?" என்றாள் மேங்.

"ஆமா. அதுக்கென்ன?"

"முதல் பாடம் என்ன?"

கிஹுன் வயர்க் கட்டுக்கே திரும்பினான். மியோக் எழுந்தாள். கல்லாவுக்குக் கீழே கையை விட்டு ஒரு பிடி உப்பை அள்ளினாள். பில்துவின் முதுகில் அது சரசரவென்று விழுந்தபோது, அவர்கள் நடைபாதைக்கு வந்துவிட்டிருந்தார்கள்.

"பேய்க்குப் போடற உப்பை நமக்குப் போடறாங்கக்கா," பில்து காலரை உதறினான். "கையோட ஒரு வேகவெச்ச முட்டையையும் கொடுத்திருக்கலாம்."

மேங் அதைக் காதில் வாங்கவில்லை. "அந்தம்மா யோரியைத் திட்டினப்போ எல்லாம் தம்பி சும்மா இருந்தான். எதைச் சொன்னப்போ 'போதும்'னான்?"

பில்து யோசித்தான். "பவர் பேங்க்."

"வா. கமிட்டி ரூமுக்குப் போகலாம்."

கமிட்டி அறையில் காப்பிப் பொட்டலத்தின் வாசனையும் பகையும் சம அளவில் இருந்தன. நீள மேசையின் தலைப்பக்கத்தில் தலைவர் பியோன். இரண்டு பக்கமும் கடைக்காரர்கள். கண்ணாடித் தட்டில் எரிந்த மூளையும், அதன் பக்கத்தில் ஆரஞ்சுப் பொட்டு வைத்த ஸ்டெப்-டவுனும். யோரி சுவரோரமாக நின்றாள். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

"துப்பறிய இங்க என்ன கொலையா நடந்திருக்கு?" என்றார் பியோன். "போர்டை நானே பன்னிரண்டு வோல்ட்ல போட்டு அளந்தேன். பதினொண்ணு காட்டிச்சு. அளவு ஏறியிருக்கு. முத்திரை இவளோடது. பார்த்த சாட்சி இருக்கு. அப்புறம் என்ன?"

"ஒரு சின்ன விளையாட்டு தலைவரே. அப்புறம் நீங்க கையெழுத்துப் போடுங்க." மேங் மியோக்கின் பக்கம் திரும்பினாள். "உங்க பவர் பேங்க்கைக் கொஞ்சம் கொடுங்க. அன்னைக்கு மேசையில இருந்தது இதுதானே?"

"இதேதான். கோர்ட்லயும் சொல்வேன்."

மேங் தன் பையிலிருந்து புதுப் போர்டு ஒன்றை எடுத்து மேசை மேல் வைத்தாள். வழியில் வாங்கியது. பில்து பவர் பேங்க்கை அதன் ஒரு பக்கத்தில் இணைத்தான், மீட்டரை மறுபக்கத்தில். குட்டி ஸ்க்ரூடிரைவரை மியோக்கின் கையில் கொடுத்தான்.

"யோரி எப்படித் திருகினாளோ அப்படியே திருகுங்க," என்றாள் மேங்.

மியோக் திருகினாள். மீட்டரில் எண் நாலேகாலில் நின்றது.

"இன்னும் திருகுங்க. உங்களுக்கு ஆசை தீர்ற வரைக்கும்."

மியோக் உதட்டைக் கடித்துக்கொண்டு திருகினாள். திருகித் திருகி அவள் விரல் நுனி சிவந்துவிட்டது. எண் நாலேகாலை விட்டு மேலே போகவில்லை. அவள் மறுபக்கம் திருகினாள். எண் மெதுவாக இறங்கியது. அவசரமாகப் பழைய பக்கமே திருகினாள். ஏறி வந்து மறுபடியும் நாலேகாலில் நின்றுகொண்டது.

"ஜெபமாலை உருட்டற மாதிரி இருக்கு," என்றான் பில்து. "பலன் மட்டும் வரலை."

ஒரு கடைக்காரர் நெற்றியில் அடித்துக்கொண்டார். இன்னொருவர் "அட!" என்றார். அவர்கள் எல்லோரும் இந்தத் தொழிலிலேயே தலை நரைத்தவர்கள். பொட்டின் நிறத்தைப் பார்த்த அவசரத்தில், எந்தக் கரண்டில் ஓடியது என்று ஒருவரும் கேட்டிருக்கவில்லை.

"வர்றதே அஞ்சு," என்றாள் மேங். "ஸ்டெப்-டவுன் குறைக்கும், கூட்டாது. அந்த மேசையில வெச்சு யார் எவ்வளவு திருகினாலும் மூளை எரியாது. அப்போ மியோக் அக்கா ரெண்டு கண்ணால பார்த்தது என்ன?"

மியோக் ஸ்க்ரூடிரைவரை மேசை மேல் எறிந்தாள்.

பதில் வந்தது கிஹுனிடமிருந்து. எழுந்து நின்று, நிதானமாகப் பேசினான்.

"சரி. அங்க எரியல. அப்போ முந்தின நாளே எரிச்சிருக்கா. மொட்டை மாடியில என் பட்டறையில பன்னிரண்டு வோல்ட் அடாப்டர் இருக்கு. பட்டறைச் சாவி இன்னும் அவகிட்டதான் இருக்கு. கேட்டுப் பாருங்க."

அறை மறுபடியும் யோரியின் பக்கம் திரும்பியது.

"சாவி இருக்கா?" என்றார் பியோன்.

யோரி மேங்கைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் 'நல்லாக் காப்பாத்தினீங்க' என்று எழுதியிருந்தது. "இருக்கு," என்றாள்.

"அப்புறம் என்ன?" பியோன் பேனாவைத் திறந்தார்.

பில்து குனிந்து மேங்கின் காதருகே, "அக்கா, வெளியே போற வழியை நான் முதல்லயே பார்த்து வெச்சிருக்கேன்," என்றான்.

"உட்காரு." மேங் குரலை உயர்த்தினாள். "ஒரே நிமிஷம் தலைவரே. யார்கிட்டயாவது நெயில் பாலிஷ் ரிமூவர் இருக்கா?"

அந்த வளாகத்தில் அது இல்லாத கடை ஏது? மூன்று பாட்டில்கள் மேசைக்கு வந்தன. மேங் பஞ்சை நனைத்து, கண்ணாடித் தட்டில் இருந்த போர்டின் ஆரஞ்சுப் பொட்டை ஒற்றி ஒற்றி எடுத்தாள். பஞ்சு நிறம் மாறியது. பித்தளைத் திருகு வெளியே வந்தது. அவள் பூதக்கண்ணாடியைப் பியோனிடம் நீட்டினாள்.

"திருகோட வெட்டைப் பாருங்க. என்ன தெரியுது?"

பியோன் குனிந்தார். நெடுநேரம் நிமிரவில்லை. "கீறலே இல்லையே," என்றார்.

"இப்போ மியோக் அக்கா திருகின புதுப் போர்டைப் பாருங்க."

"இதுல கண்டபடி கீறல். ஸ்க்ரூடிரைவர் நுனி பித்தளையை உழுதிருக்கு."

"பித்தளைன்னா அப்படித்தான். ஒரு தடவை ஸ்க்ரூடிரைவர் பட்டாலும் சொல்லிடும்," என்றாள் மேங். "திருகினது யோரியா வேற யாராவதான்னு நாலு நாளா சண்டை போடறீங்க. இந்தத் திருகை யாருமே திருகலை. சனிக்கிழமையும் இல்ல, வெள்ளிக்கிழமையும் இல்ல. கடைப் பையில இருந்து வந்தபடியே இருக்கு. வரும்போதே உச்சத்துல இருந்திருக்கு. போன குளிர்காலத்துல யோரி அளந்து வெச்ச போர்டுன்னா அதுல ஒரு கீறலாவது இருக்கணும் இல்லையா? இது அந்தப் போர்டே இல்லை. யாரோ பழசைக் கழட்டிட்டு, புதுசை அளக்காமலேயே மாட்டி, பன்னிரண்டு வோல்ட் கொடுத்திருக்காங்க. மூளை போச்சு. அப்புறம் உட்கார்ந்து பொட்டு வெச்சிருக்காங்க."

அவள் கிஹுனைப் பார்த்துக் கேட்டாள்: "உங்க வகுப்புல முதல் பாடம் என்ன சார்?"

கிஹுனின் வகுப்பில் படித்த ஒரு கடைக்காரப் பெண்தான், தன்னை அறியாமல் பதில் சொன்னாள். "முதல்ல அள. அப்புறம் இணை."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கிஹுனின் காது மடல் சிவந்தது.

"சாவி இருக்கறவ புதுசை மாட்டியிருக்கலாமே!" என்றான். ஆனால் குரலில் முன்பிருந்த நிதானம் இல்லை.

"நல்லா ஓடிக்கிட்டிருந்த போர்டை எரிக்கணும்னா யோரிக்குப் புதுசு எதுக்கு? இருந்த திருகையே நாலு சுற்றுச் சுற்றினா வேலை முடிஞ்சது. பழசைக் கழட்டணும்னு யாருக்குத் தேவை? அதை யார் கழட்டினது?"

"நான்தான் கழட்டச் சொன்னேன்!" மியோக் வெடித்தாள். "என்ன இப்போ? பரிசு வாங்கப் போற மிஷினுக்குள்ள அவளோட நிறம் எதுக்கு? நடுவர் மூடியைத் திறந்தா அவ பேரைத்தானே முதல்ல கேப்பான்? என் தம்பி ராத்திரி பகலா உழைச்சது. அதுல கூட அவ பொட்டு வெச்சுக்கிட்டு உட்காரணுமா?"

"அக்கா!"

"நீ வாயை மூடு! எரிஞ்சதும் தலையில கையை வெச்சுக்கிட்டு, 'பாடம் சொல்றவனே அளக்காம எரிச்சுட்டான்னு சிரிப்பாங்க அக்கா'ன்னு அழுதது யாரு? அவ விட்டுட்டுப் போன பாலிஷ் பாட்டிலை எடுத்துக் கையில கொடுத்தேன். கடையும் நமக்கே வந்துடும்னேன். எல்லாத்துக்கும் தலையை ஆட்டினியே!"

பில்து மெல்ல, "சாட்சி இப்போதான் நிஜமாவே ரெண்டு கண்ணால பார்த்ததைச் சொல்லுது," என்றான்.

கிஹுன் நாற்காலியில் உட்கார்ந்தான். யாரையும் பார்க்காமல் பேசினான். "அதைக் கழட்டும்போது கோவம். அந்தப் பொட்டைப் பார்க்கப் பார்க்கக் கோவம். புதுசை மாட்டி சுவிட்சைப் போட்டுட்டேன். மீட்டர் பக்கத்துலயேதான் இருந்துச்சு."

தலைவர் பியோன் பேனாவை மூடினார். தொண்டையைச் செருமினார். "குத்தகை யோரி பேர்லயே இருக்கும். பொய்ச் சாட்சி சொன்ன கடை விஷயத்தை அடுத்த கூட்டத்துல பேசுவோம். பில்து தம்பி, போற வழியில அந்த நோட்டீஸைக் கிழிச்சுடு."

"வேண்டாம்," என்றாள் யோரி. அன்று அவள் அந்த அறையில் தானாகப் பேசியது அது ஒன்றுதான். "எல்லாரும் பார்க்க நீங்க ஒட்டினீங்க தலைவரே. எல்லாரும் பார்க்க நீங்களே எடுங்க."

அவர் எடுத்தார். நகத்தால் சுரண்டிச் சுரண்டி. வரிசைக் கடைக்காரர்கள் அத்தனை பேரும் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. இரண்டு பேர் மட்டும், வெயிலைப் பற்றி யோரியிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போனார்கள்.

யோரி கதவை முழுவதும் மேலே தள்ளினாள். விளக்கைப் போட்டாள். பாதி பிரித்த ரேடியோவைத் தன் பக்கம் இழுத்தாள்.

"உங்களை உள்ளே வாங்கன்னு கூடக் காலையில நான் சொல்லல," என்றாள் மேங்கிடம்.

"சொல்லியிருந்தா சந்தேகப்பட்டிருப்பேன்," என்றாள் மேங்.

அப்போதுதான் கிஹுன் வந்தான். தனியாக. வாசற்படிக்கு வெளியே நின்றான். பில்து நகர்ந்துகொள்ள எழுந்தான். மேங் அவன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"யோரி," என்றான் கிஹுன். "பழைய போர்டை நான் தூக்கிப் போடல. பத்திரமா வெச்சிருக்கேன். அதைத் திரும்ப மாட்டிடலாம். புது மூளை வாங்கிக்கலாம். நீயும் நானும் சேர்ந்து செஞ்சா பொம்மை ஓடும்."

யோரி அவனை நிமிர்ந்து பார்த்தாள். பார்வையில் கோபம் கூட இல்லை. அதுதான் அவனை ஓர் அடி பின்னால் தள்ளியது.

"ஓடும்," என்றாள். "அது ஓடும். வெள்ளிக்கிழமை ராத்திரி உங்களுக்கு வந்தது கோவம். அதுல ஒரு சில்லு எரிஞ்சுது. சரி, யாருக்கும் வரும். சனிக்கிழமை காலையில நிதானமா எழுந்து, முகம் கழுவி, டை கட்டிக்கிட்டு, இத்தனை பேர் முன்னால என்னைக் கை நீட்டிக் காட்டினீங்களே. அப்போ உங்களுக்குக் கோவமே இல்லை. எனக்கு இந்த அட்டைப்பெட்டிக்குப் பின்னால கூட இடம் இருக்கக் கூடாதுன்னு யோசிச்சுத்தான் செஞ்சீங்க."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவனுக்குப் பின்னால் ஒரு கிழவர், கையில் மின்விசிறி ஒன்றைத் தூக்கிக்கொண்டு, உள்ளே வர இடம் தேடித் தவித்துக்கொண்டிருந்தார்.

"தள்ளி நில்லுங்க," என்றாள் யோரி. "கடைக்கு ஆள் வர்றாங்க."